ஒரோச்சி வளையச் சாலையில் சோபா: ஜப்பானின் ஒரு மலைச்சாலை நிலையத்துக்குப் போய்வர முழு வழிகாட்டி

ஜப்பானுக்குப் போகிறவர்களில் பலர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று புல்லட் ரயில் போகும் தடத்திலேயே போய்த் திரும்பிவிடுகிறார்கள். சோபா நூடுல்ஸையும் ஏதோ ஒரு ரயில் நடைமேடைக் கடையில் நின்றபடி சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். சோபா, அதாவது பக்வீட், மலைநாட்டுப் பயிர். அது விளையும் இடத்துக்குப் போய், அறுவடையான பருவத்தில், மாவு அரைத்த சூட்டோடு சாப்பிட்டால் கதையே வேறு. அதற்கு வெளியூர்க்காரருக்கு இருக்கும் எளிய வழி "மிச்சி நோ எகி" எனப்படும் சாலையோர நிலையங்கள்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது மேற்கு ஜப்பானில், ஷிமானே மாகாணத்தின் மலைக்குள் இருக்கும் "ஒகுஇஸுமோ ஒரோச்சி லூப்" நிலையம். டோக்கியோவுக்குப் பக்கத்திலேயே வேறு நல்ல சோபா ஊர்கள் இருக்கின்றன. ஆனாலும் சாலை, ரயில், புராணம், இரும்பு, சோபா ஐந்தும் ஒரே பள்ளத்தாக்கில் கூடும் இடம் இதுதான்.

மிச்சி நோ எகி என்றால் என்ன, என்ன இல்லை

ரயிலுக்கு நிலையம் இருக்கிறதே, சாலைக்கு ஏன் இருக்கக்கூடாது என்ற யோசனை 1990-ல் ஹிரோஷிமாவில் நடந்த ஒரு கருத்தரங்கில் எழுந்தது. சில மாகாணங்களில் சோதித்துப் பார்த்த பிறகு, 1993 ஏப்ரலில் 103 நிலையங்கள் அதிகாரபூர்வமாகப் பதிவாயின. இன்று நாடு முழுக்க 1,200-க்கும் மேல் இருக்கின்றன.

சுங்கம் கட்டும் விரைவுச்சாலைகளில் உள்ள ஓய்விடங்கள் வேறு, இவை வேறு. இவை பெரும்பாலும் சாதாரண நெடுஞ்சாலைகளின் ஓரம், ஊரும் வயலும் இருக்கும் இடத்தில் இருக்கும். வண்டி நிறுத்துமிடமும் கழிப்பறையும் 24 மணி நேரமும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. கடைக்கும் உணவகத்துக்கும் அந்த விதி கிடையாது. புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். வழிகாட்டிப் பலகையைப் பார்த்து இரவு 7 மணிக்கு உள்ளே நுழைந்தால் ஒளிரும் கழிப்பறையும் பானம் விற்கும் எந்திரமும் மட்டும்தான் இருக்கும். மலைப்பகுதி நிலையங்களில் கடை பொதுவாகக் காலை 9 மணி வாக்கில் திறந்து மாலை 5-க்குள் மூடிவிடும். சமையற்கட்டு அதற்கும் முன்னால், பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கே அடங்கிவிடும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

போகும் தேதியை விமான டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்வதைவிட, சோபா பயிரைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. சோபா இரண்டரை மாதப் பயிர். இந்தப் பகுதியில் ஆகஸ்ட் நடுவில் விதைத்து, செப்டம்பர் பிற்பகுதியில் வயல் முழுக்க வெள்ளையாகப் பூத்து, அக்டோபர் கடைசியிலிருந்து அறுவடை தொடங்கும். புது மாவில் செய்த சோபாவை "ஷின் சோபா" என்பார்கள். நவம்பரில் கடை வாசல்களில் அந்தப் பெயர் எழுதிய தாள் தொங்கும்.

நவம்பர் முதல் பாதிதான் என் பரிந்துரை. மேப்பிள் இலைகள் சிவப்பதும் அதே சமயம் என்பதால் கூட்டம் இருக்கும். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் சமாளிக்கலாம். பூ பார்க்க ஆசை என்றால் செப்டம்பர் கடைசி. ஆனால் அப்போது சாப்பிடுவது போன ஆண்டு மாவுதான். கோடையில் பச்சைப் பசேல் என்று அழகாக இருக்கும், சோபாவின் மணம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வேண்டாம் என்பேன். இது கனத்த பனி விழும் பகுதி. பனியில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு வளைந்து ஏறும் மலைச்சாலை வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ரயிலும் யோகோட்டா என்ற ஊருக்கு அப்பால் பனிக்காலத்தில் அடிக்கடி நிறுத்தப்படும்.

மாதம் முடிவானதும் கிழமையைப் பாருங்கள். மலை நிலையங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருப்பது சகஜம். பனிக்கால நேரமும் கோடை நேரமும் வேறு வேறு. புறப்படும் வாரத்தில் நிலையத்தின் பக்கத்தையோ ஊரின் சுற்றுலாச் சங்கப் பக்கத்தையோ மொழிபெயர்ப்புச் செயலியோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள். தங்கும் விடுதி வரவேற்பில் சொன்னால் அவர்களே தொலைபேசியில் கேட்டுச் சொல்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஊர் வரை வந்து சேர்வது

நிலையம் இருக்கும் ஒகுஇஸுமோ பகுதிக்கு அடித்தளமாக இஸுமோ நகரத்தையோ மட்சுயே நகரத்தையோ வைத்துக்கொள்ளலாம். டோக்கியோவிலிருந்து இஸுமோ விமான நிலையத்துக்கு உள்நாட்டு விமானம் உண்டு. ரயில் பிரியர்களுக்கு "சன்ரைஸ் இஸுமோ" என்ற இரவு ரயில் டோக்கியோவிலிருந்து நேராக இஸுமோஷி நிலையத்துக்கு வரும். அதில் இடம் கிடைப்பது அரிது, முன்பதிவு திறந்த அன்றே முயல வேண்டும். ஒசாகா, கியோட்டோ பக்கமிருந்து வருபவர்கள் ஒகாயாமா வரை புல்லட் ரயிலில் வந்து, அங்கே "யாகுமோ" விரைவு ரயிலில் மாறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் இஸுமோ. ஹிரோஷிமாவிலிருந்து பேருந்தும் உண்டு.

ஹிரோஷிமாவில் இருப்பவர்கள் அங்கேயே கார் எடுத்து நேராக மலையேறலாம். சுமார் இரண்டு மணி நேரப் பயணம்.

கார் எடுப்பது: உரிமம் முதல் பெட்ரோல் வரை

இந்த நிலையத்துக்குக் கார் இல்லாமல் போவது கடினம். ரயிலில் வருபவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா நான்கு நாட்டு உரிமக்காரர்களும் 1949 ஜெனீவா உடன்பாட்டின்படி வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு ஜப்பானில் ஓட்டலாம். இந்தியாவில் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும். இலங்கையில் சிலோன் ஆட்டோமொபைல் அசோசியேஷன். ஊரில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும், ஜப்பானுக்கு வந்தபின் வாங்க முடியாது. வண்டி எடுக்கும்போது அனுமதி, சொந்த ஊர் உரிமம், கடவுச்சீட்டு மூன்றின் மூலப்பிரதிகளும் கையில் இருக்க வேண்டும். நகலைக் காட்டினால் சாவி கிடைக்காது.

ஜப்பானிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது போல நாம் தடுமாற மாட்டோம். பழகிக்கொள்ள வேண்டியவை வேறு. தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணப் பலகை இருந்தால் சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ரயில் கடவையிலும் அப்படியே: தடுப்புக் கம்பி தூக்கியிருந்தாலும் நின்று, இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். பலகை எதுவும் இல்லாத, நடுக்கோடு போட்ட சாதாரணச் சாலையில் உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். ஹாரன் அடிக்கும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் ஓட்டுநருக்கு மட்டுமல்ல, தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவருக்கும் தண்டனை உண்டு. உள்ளூர் சாகே புட்டியை வாங்கலாம், விடுதிக்குப் போய்த் திறக்கலாம்.

இருவர் என்றால் மஞ்சள் எண்பலகை வைத்த குட்டிக் "கெய்" கார் போதும். நால்வர் ஏறினால் மலை ஏற்றத்தில் அது முனகும், ஒரு படி பெரிய வண்டி எடுங்கள். வழிகாட்டிக் கருவியில் முகவரியைவிட நிலையத்தின் தொலைபேசி எண்ணைப் போடுவது எளிது. ஜப்பானியக் கருவிகள் அதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். பெட்ரோல் நிலையத்தில் சிவப்புக் குழாய் சாதாரணப் பெட்ரோல், மஞ்சள் உயர்ரகம், பச்சை டீசல். நம் ஊர்ப் பழக்கத்தில் பச்சையைப் பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள். மலை ஊர்களில் பெட்ரோல் நிலையங்கள் மாலையிலும் ஞாயிறிலும் மூடியிருக்கலாம். நகரத்திலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

இஸுமோவிலிருந்தோ மட்சுயேவிலிருந்தோ விரைவுச்சாலையில் வந்து மிட்டோயா கிசுக்கியில் இறங்கி, 314-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் அது கிசுக்கி, நிட்டா, யோகோட்டா வழியாக நேராக நிலையத்துக்கே கொண்டுபோகும். நிற்காமல் வந்தால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிற்காமல் வரக்கூடாது.

சோபாவிலிருந்து பின்னோக்கி ஒரு நாள் திட்டம்

நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நேரம் காலை 11:30 என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள். கையால் பிசைந்து வெட்டும் இடங்களில் அன்றைக்குப் பிசைந்தது தீர்ந்தால் "உரிகிரே", அதாவது விற்றுத் தீர்ந்தது என்று பலகை மாட்டிவிடுவார்கள். அடுத்த ஈடு பிசைய மாட்டார்கள். விடுமுறை நாளில் 1 மணிக்கு மேல் போவது சூதாட்டம்.

காலை 8 மணிக்கு நகரத்தை விட்டுக் கிளம்பினால் வழியில் நிட்டா பக்கம் "ஒனி நோ ஷிதாபுருயி" பள்ளத்தாக்கில் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். பெரும்பாறைகளுக்கு நடுவே ஆறு பாயும் இடம். மேலே 160 மீட்டர் நீளத் தொங்குபாலம் ஒன்றும் இருக்கிறது. நடை எளிது, வயதானவர்களும் வரலாம்.

அங்கிருந்து யோகோட்டா தாண்டி மலை நெருங்கும்போது இஸுமோ சகானே ரயில் நிலையம் வரும். பெட்டிகள் எண்ணி ஒன்றிரண்டுதான், ஆனால் நிலையம் பிரபலம். மலைச் சரிவு செங்குத்தாக இருப்பதால் ரயில் இங்கே முன்னால் போய், நின்று, பின்னால் ஏறி, மறுபடி நின்று முன்னால் போகும். மூன்றடுக்கு மாறுதடம். அடுத்த நிலையமான மியினோஹாரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 727 மீட்டர் உயரம், மேற்கு ஜப்பான் ரயில்வேயிலேயே உயரமானது. 1937-ல் இந்தத் தடத்தைப் போட்டு முடித்தார்கள். சகானேயில் "என்மெய்சுயி" என்ற ஊற்றுநீர் வரும். பெயரின் பொருள் ஆயுளை நீட்டும் நீர். உள்ளூர்க்காரர்கள் கேன் கேனாகப் பிடித்துப் போவதைப் பார்க்கலாம். ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரயில் முன்னும் பின்னும் நகர்ந்து ஏறும் அதே மலையைச் சாலை எப்படி ஏறுகிறது? அதுதான் ஒரோச்சி லூப். 105 மீட்டர் உயர வித்தியாசத்தை இரட்டை வளையமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் பாலச்சாலை, 1992-ல் திறந்தது. வளையத்தில் சிவப்பு வளைவுப் பாலம் ஒன்று வரும். அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், நிறுத்த இடமும் இல்லை. நிலையத்து நிறுத்துமிடத்திலிருந்தே பாலமும் பள்ளத்தாக்கும் நன்றாகத் தெரியும். எதிர்ச் சரிவில் ரயில் ஊர்ந்து போவதையும் நேரம் பார்த்து நின்றால் பிடிக்கலாம். ஒரு நாளில் மூன்று நான்கு முறைதான் போகும், அட்டவணையை முன்பே கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரோச்சி என்பது எட்டுத் தலைப் பாம்பு. ஜப்பானின் பழம்பெரும் நூலான கொஜிகியில் சுசானோ என்ற தேவன் ஹியி ஆற்றங்கரையில் வந்து இறங்குகிறான். ஆற்றில் ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி மிதந்து வருவதைப் பார்த்து, மேலே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மலையேறுகிறான். அங்கே பாம்புக்கு இரையாகவிருந்த குஷினாதா என்ற பெண்ணைக் காப்பாற்றுகிறான். அந்த ஆறு உருவாகும் மலைகள் இவைதான். சுருண்டு கிடக்கும் சாலைக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, ரசனைக்காரர்.

இங்கே ஏன் சோபா?

1638-ல் மட்சுதைரா நாவோமாசா என்ற பிரபு, சோபாவுக்குப் பேர்போன ஷினானோ நாட்டு மட்சுமோட்டோவிலிருந்து மட்சுயேவுக்கு மாற்றலாகி வந்தார். வரும்போது சோபா செய்யும் ஆட்களையும் கூட்டிவந்தார் என்பது இந்த ஊர் சொல்லும் கதை. பிரபு கதை இருக்கட்டும், மலைக்கதைதான் எனக்குச் சுவை.

ஒகுஇஸுமோ பல நூற்றாண்டுகளாக இரும்பு உருக்கிய பூமி. மலையை வெட்டி ஓடைநீரில் கரைத்து இரும்பு மணலைப் பிரித்தார்கள். களிமண் உலையில் கரியோடு சேர்த்து நாட்கணக்கில் எரித்தார்கள். "தத்தாரா" என்பது அந்த முறையின் பெயர். உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். காட்டை வெட்டி, வெட்டிய சரிவை எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் சோபா விதைத்தார்கள். வளமில்லாத மண்ணிலும், குளிரிலும், குறுகிய பருவத்திலும் வரும் பயிர் வேறென்ன இருக்கிறது? மலையைக் கரைத்து மிஞ்சிய சமதளங்கள் நெல் வயல்களாயின. இன்று ஜப்பானில் விலை பேசும் நிட்டா அரிசி அங்கே விளைவதுதான். இந்த ஏற்பாடு முழுவதையும் 2019-ல் ஜப்பான் அரசு வேளாண் மரபாக அறிவித்தது. தத்தாரா உலை யோகோட்டாவில் 1977-ல் மறுபடி மூட்டப்பட்டு, வாள் செய்யும் எஃகுக்காக இன்றும் குளிர்காலத்தில் எரிகிறது.

சோபாவிலும் இந்த ஊருக்கென்று ஒரு நாட்டு வகை உண்டு: "யோகோட்டா கொசோபா". மணி சிறியது, விளைச்சல் குறைவு, மணம் தூக்கல். கிட்டத்தட்டக் கைவிடப்பட்ட நிலையிலிருந்து ஊர்க்காரர்கள் மீட்டெடுத்த விதை. பலகையில் அந்தப் பெயரைக் கண்டால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே கேளுங்கள்.

மேசையில் உட்கார்ந்த பிறகு

சாலை நிலைய உணவகங்கள் பலவற்றில் வாசலில் சீட்டு எந்திரம் இருக்கும். பணத்தைப் போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைச் சமையற்கட்டில் கொடுக்க வேண்டும். ஆயிரம் யென் தாள்கள் சிலவும் சில்லறையும் கையில் இருப்பது நல்லது. பெரிய தாளை விழுங்காத எந்திரங்களும், அட்டை ஏற்காத கடைகளும் மலையில் இன்னும் உண்டு. தண்ணீரும் சூடான தேநீரும் இலவசம், நீங்களே எடுத்துக்கொள்வது வழக்கம்.

இஸுமோ வட்டாரச் சோபா நிறத்தில் கறுத்திருக்கும். உமியையும் சேர்த்து அரைப்பதால் அப்படி. டோக்கியோவில் கிடைக்கும் வெளிர் நிறச் சோபாவைவிட மணமும் கடிபடும் தன்மையும் அதிகம். சாப்பிடும் விதம் இரண்டு, இரண்டும் இந்த வட்டாரத்துக்கே உரியவை.

முதலாவது வாரிகோ. அரக்கு பூசிய வட்டத் தட்டுகள் மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குளிர்ந்த சோபா. பக்கத்தில் சிறு குடுவையில் சாறு. இங்கேதான் சோபா தெரிந்தவர்களும் தடுக்கி விழுவார்கள். மற்ற ஊர்களில் நூடுல்ஸை எடுத்துச் சாற்றில் தோய்ப்பார்கள், இங்கே சாற்றை நூடுல்ஸ் மேல் ஊற்ற வேண்டும். மேல் தட்டில் வெங்காயத்தாள், மிளகாய் சேர்த்துத் துருவிய முள்ளங்கி, கடற்பாசி ஆகியவற்றைப் போட்டு, சாற்றைக் கொஞ்சமாக ஒரு சுற்று ஊற்றிச் சாப்பிடுங்கள். இஸுமோச் சாறு இனிப்பும் உப்பும் கெட்டியாக இருக்கும், தாராளமாக ஊற்றினால் சோபாவின் மணம் செத்துவிடும். மேல் தட்டு காலியானதும் அடியில் தேங்கிய சாற்றை அடுத்த தட்டில் கவிழ்த்து, தேவைப்பட்டால் மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டும். முன்காலத்தில் வெளியிடங்களுக்குச் சோபாவைச் சதுரப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார்கள். மூலைகளைக் கழுவுவது சிரமம் என்று பிற்பாடு வட்டமாக்கினார்கள்.

இரண்டாவது கமா அகே. வெந்த சோபாவைக் குளிர்ந்த நீரில் அலசாமல், வெந்த நீரோடேயே கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். சாற்றை உங்கள் ருசிக்கு நீங்கள் சேர்க்க வேண்டும். நீர் கொழகொழவென்று கஞ்சி போல இருக்கும். நவம்பர் குளிருக்கு இதைவிட நல்லது இல்லை. பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் நாட்டின் தேவர்கள் எல்லோரும் இஸுமோ கோயிலில் கூடுவதாக நம்பிக்கை. அந்தத் திருவிழாக் குளிரில் வாசல் கடைகளில் விற்றது இது.

இருவர் போனால் ஆளுக்கு ஒன்றாக இரண்டையும் சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள். மூன்று தட்டு வாரிகோ ஆயிரம் யென் வாக்கில் இருக்கும். வாரிகோ முடிந்ததும் "சோபாயு" வரும், சோபா வெந்த சுடுநீர். மிச்சச் சாற்றில் ஊற்றிக் குடிக்க வேண்டும். தரவில்லை என்றால் "சோபாயு ஒநெகாய்ஷிமஸ்" என்று கேளுங்கள். உறிஞ்சும் சத்தம் தாராளமாக வரலாம். குச்சிகளை மட்டும் உணவில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

சைவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது

சோபா மாவு சைவம். சாறு சைவம் இல்லை. காய்ந்த கட்சுவோ மீனைச் சீவி ஊறவைத்த "தாஷி" இல்லாமல் அந்தச் சாறு கிடையாது. மேலே மீன் சீவலைத் தூவுவதும் உண்டு. "மீன் வேண்டாம்" என்று சொன்னால் சீவலை மட்டும் எடுத்துவிட்டு அதே சாற்றைத் தருவார்கள். அவர்கள் கணக்கில் சாறு மீன் இல்லை. அதில் மிரின் என்ற அரிசி மதுவும் சேரும் என்பதை முஸ்லிம் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் இந்த வட்டாரச் சோபாவில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வாரிகோவிலும் கமா அகேயிலும் சாறு தனிக் குடுவையில்தான் வரும், நூடுல்ஸ் வெறுமனே இருக்கும். எனவே மேலே தூவுவதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் ("யாகுமி பெட்சு" என்றால் புரியும்) சாற்றைத் தொடாமலேயே சாப்பிடலாம். சாதாரணச் சோயா சாஸ் ஒரு சின்னப் பாக்கெட், அல்லது பெரிய நகரக் கடைகளில் கிடைக்கும் "கொம்பு" என்ற கடற்பாசியின் சாறு ஒரு குட்டிப் புட்டி எடுத்துப்போங்கள். வெறும் உப்பு தொட்டுச் சாப்பிடுவதும் கௌரவமான முறைதான். நல்ல புதுச் சோபாவை அப்படிச் சுவைப்பவர்கள் ஜப்பானிலேயே உண்டு. மாவில் தோய்த்துப் பொரிக்கும் காய்கறி டெம்புராவில், அந்த மாவில் முட்டை இருக்கலாம், எண்ணெய் இறாலோடு பொது. கறாரானவர்கள் தவிர்க்கலாம்.

சோபா என்பது பக்வீட், வடஇந்தியாவில் விரத நாளில் சாப்பிடும் குட்டு மாவின் அதே குடும்பம். கோதுமைக்கும் அதற்கும் உறவு இல்லை. ஆனாலும் நூடுல்ஸ் அறுந்துபோகாமல் இருக்கப் பல கடைகளில் ஐந்தில் ஒரு பங்கு கோதுமை மாவு சேர்ப்பார்கள். "ஜூவாரி" என்று எழுதியிருந்தால் முழுச் சோபா. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜூவாரியைக் கேட்டாலும், உடோன் என்ற கோதுமை நூடுல்ஸ் வேகும் அதே பானை, அதே பலகை என்பதை நினைவில் வையுங்கள். மறுபக்கம், சோபா ஒவ்வாமை உயிரைக் குடிக்கும் அளவுக்குக் கடுமையாகலாம். ஜப்பானில் பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருட்களில் அதுவும் ஒன்று. வாழ்நாளில் முதன்முறையாகச் சாப்பிடும் குழந்தைக்கு, மருத்துவமனை தொலைவில் இருக்கும் ஒரு மலைச்சாலையில் வைத்து ஊட்ட வேண்டாம்.

கடையில் என்ன வாங்கலாம்

சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். இந்த நிலையங்களின் உயிர் விளைபொருள் மூலையில்தான் இருக்கிறது. சுற்றுவட்டார விவசாயிகள் தாங்களே பொட்டலம் கட்டி, பெயர் ஒட்டிக் காலையில் வைத்துவிட்டுப் போவார்கள். காளான், முள்ளங்கி, பெர்சிமன் பழம் எல்லாம் நகரத்தைவிட மலிவு. வழியில் தின்னப் பழம் வாங்குங்கள். நிட்டா அரிசி சிறு பைகளில் கிடைத்தால் சமையல் வசதி உள்ள விடுதியில் தங்குபவர்களுக்கு நல்ல வேட்டை.

சோபாவில் பச்சை நூடுல்ஸ் ருசி, ஆனால் குளிரில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக உலர்ந்ததையே எடுங்கள். வறுத்த சோபா மணியில் போடும் தேநீர் இன்னும் எடை குறைவு, வீட்டில் பெரியவர்களுக்கும் பிடிக்கும். பொட்டலத்தோடு சாறு சேர்ந்திருந்தால் அதிலும் மீன் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

குப்பையை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தொட்டி இருக்கும் என்று நம்ப முடியாது. களைப்பாக இருந்தால் காரில் ஒரு தூக்கம் போடலாம், அதற்காகத்தான் நிலையம். ஆனால் அடுப்பு மூட்டி, நாற்காலி விரித்து, இரவு முழுக்கத் தங்குவதை அரசே வேண்டாம் என்கிறது.

கதவு மூடியிருந்தால்

அப்படி நடந்தால் யோகோட்டா பக்கம் இறங்குங்கள். குஷினாதாவுக்கான இனாதா கோயில் வளாகத்திலேயே "யுகாரி ஆன்" என்ற சோபாக் கடை இருக்கிறது, யோகோட்டா கொசோபாவுக்குப் பேர்போனது. யகாவா ரயில் நிலையத்துக்கு அருகில் இன்னொரு பழைய கடை. இரண்டுமே மதியத்தோடு மூடும் வகை என்பதால் முடிவை 12 மணிக்குள் எடுக்க வேண்டும். பிற்பகலில் யோகோட்டாவின் தத்தாரா மற்றும் வாள் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். உலையின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் எவ்வளவு கட்டுமானம் இருக்கிறது என்பதை அங்கே பார்த்தால்தான் புரியும். நவம்பரில் 5 மணிக்கே இருட்டிவிடும், மானும் காட்டுப்பன்றியும் சாலையில் இறங்கும். 4 மணிக்கு மலையை விட்டுக் கிளம்புவது சரி.

கார் ஓட்டாதவர்களுக்கு

ஷின்ஜியிலிருந்து பிங்கோ ஒச்சியாய் வரை 81.9 கிலோமீட்டர் ஓடும் கிசுக்கி ரயில் தடம் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. ஆனால் சாலை நிலையத்துக்கு அருகில் உள்ள ரயில் நிலையங்களிலிருந்தும் மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டும், நடக்கச் சொல்ல மாட்டேன். யோகோட்டாவில் இறங்கி டாக்சி பிடிக்கலாம். திரும்பவும் வரச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள், சாலையில் கைகாட்ட டாக்சி வராது. பல ஆண்டுகள் ஓடிய "ஒகுஇஸுமோ ஒரோச்சி" திறந்தவெளி ரயில் 2023 நவம்பரோடு நின்றுவிட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்து அதைத் தேடாதீர்கள். இப்போது "அமேட்சுச்சி" என்ற சுற்றுலா ரயில் சில நாட்களில் யோகோட்டா வரை வருகிறது, அதற்கு மேல் ஏறாது. மாறுதடத்தைப் பார்க்க வேண்டுமானால் சாதாரண ரயில்தான்.

டாக்சிச் செலவு கையைக் கடிக்கும் என்று தோன்றினால் சாலை நிலையத்தை விட்டுவிட்டு கமேதகே ரயில் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். நிலையக் கட்டடமே "ஒகியா" என்ற சோபாக் கடை. டிக்கெட் விற்ற இடத்தில் மாவு பிசைகிறார்கள். தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சோபாவைப் பொட்டலமாகக் கட்டி ரயிலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. விடுதியில் யாரையாவது ஜப்பானிய மொழியில் பேசச் சொல்லி, எந்த நேர ரயில், எத்தனை பொட்டலம் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சரியான தொகையைச் சில்லறையாகக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நில்லுங்கள், ரயில் அங்கே அதிக நேரம் நிற்காது.